நெஞ்சுப் பட்டை

ஐந்து வருஷப் பழசு.
வியர்வை காய்ந்து ஓரமெல்லாம் உப்புப் பூத்திருக்கும்.
பனகுடி தாண்டி, ஆனிக் காற்று
சட்டையைப் படபடவென்று அறைகிற இடத்தில்
இருநூற்றுப் பதினேழு என்று காட்டும்.
நான் பெடலை மிதிக்காமல்
சும்மா சரிவில் இறங்கிக்கொண்டிருப்பேன்.
காற்றாலைகளையும் சேர்த்து எண்ணுகிறதோ என்னவோ.

"சவத்தத் தூக்கி எறிட்டி, உலகு"
என்றான் ஜெபசிங்.
அவனுடையது புதுசு. பட்டையும் கடிகாரமுமாக
பதினெட்டாயிரத்துச் சொச்சம்.
தூக்கத்தை அளக்கும்,
நேற்றைய சோர்வுக்கு இன்று மார்க் போடும்.
காலையில் அதைக் கேட்டுத்தான்
தனக்கு உடம்பு நன்றாயிருக்கிறதா என்று
தெரிந்துகொள்கிறான்.

எனக்குப் பிழைப்பே இதுதான்.
பாளையங்கோட்டை ஐகிரவுண்டில்
மருந்துக்கடை மாடியில் ஈ.சி.ஜி. அறை.
நாளைக்கு முப்பது நெஞ்சு.
துடைத்து, ஜெல்லி தடவி, குமிழ் ஒட்டி
"பேசாதீங்க, அசையாதீங்க" என்பேன்.
சுத்தமல்லிச் செங்கல் சூளைக்காரர்,
மேலப்பாளையத்து ஜவுளிக்காரர்,
கல்யாணத்துக்கு முந்தின நாள் பயந்து வந்த
மானூர்ப் பையன்.
கட்டம் போட்ட தாளில் மேடும் பள்ளமுமாய்
எல்லாரும் வெளியே வருவார்கள்.
என் முகத்தையே பார்ப்பார்கள்.
நான் தாளை மடிப்பேன்.
சொல்ல வேண்டியது டாக்டர்.

அதனால்தான் சோதித்துவிடுவது என்று கிளம்பினேன்.
பழசைச் சோப்புப் போட்டு அலசினேன்.
வண்ணார்பேட்டையில் எழுபது ரூபாய்க்கு
ஒரு பித்தான் பேட்டரி.
மாட்டுமுன் இரண்டு முனையையும் தண்ணீரில் நனைத்தேன்.
(வேலை பார்க்கிற இடத்து ஜெல்லியை எடுப்பதில்லை,
ஒரே ஒரு தடவை தவிர.)
ஜெபசிங்கின் புதுசை இரவல் வாங்கி
ஒரே நெஞ்சில், ஒன்றின் கீழ் ஒன்று.

மணிமுத்தாறு அணை மேட்டில்
ஆறு முறை ஏறி ஆறு முறை இறங்கினேன்.
முதல் ஏற்றம்: நூற்று ஐம்பத்தொன்று, நூற்று ஐம்பத்திரண்டு.
மூன்றாவதில் இரண்டும் நூற்று அறுபத்தெட்டு.
மாங்காய் கீறி விற்கிறவள் கேட்டாள்:
"என்னத்தத் தொலைச்சிய,
இப்படி ஏறி ஏறி இறங்குதிய?"
ஆறாவதில் தொடை கல்லாகிப் போனது.
அதை இரண்டுமே சொல்லவில்லை.

பட்டையைக் கழற்ற அங்கே மறைவிடம் இல்லை.
கடிகாரத்தை மட்டும் திரும்ப வாங்கிக்
கையில் கட்டிக்கொண்டான்.

திரும்புகையில், சேரன்மகாதேவிக்கு முன்னால்,
இரண்டு பக்கமும் வயல்.
என் ஹேண்டில்பாரில் பூஜ்யம்.
எலாஸ்டிக் தொய்ந்து
பழசு வயிற்றுக்கு நழுவியிருந்தது.
அதன் கணக்குப்படி நான்தான் சவம்.
கொக்குகள் எழுந்தன. காலும் இளகியிருந்தது.
இழுத்துவிடத் தோன்றவில்லை.

முன்னால் ஜெபசிங்,
தலை குனிந்து மணிக்கட்டைப் பார்த்தபடி.
எருமை குறுக்கே வந்ததை
எருமைதான் முதலில் பார்த்தது.
பிரேக் கிறீச்சிட்டு, சக்கரம் வழுக்கி,
ஒரு கால் வாய்க்காலில்.
எருமை அசையவில்லை.

ஓடிப்போய் நின்றேன்.
வெளிறிய முகத்தோடு கையை நீட்டினான்:
"ஒண்ணுமில்லட்டி. பாரு, நூத்திப் பதினெட்டுதான்."
நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
நூற்று முப்பது.
நூற்று நாற்பத்தேழு.
அவன் சிரித்தான். அது ஏறியது.
முழங்கை சிராய்ப்பைத் துடைக்க
என் துண்டை எடுத்தேன்.
நூற்று அறுபத்து மூன்று.

பட்டை யார் நெஞ்சில் இருக்கிறது என்பது
இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது.

எருமை போய்விட்டது.
வீரவநல்லூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.
அவன் கடிகாரத்தைத் திருப்பி
உள்ளங்கைப் பக்கமாக வைத்துக்கொண்டான்,
தாளை மடிக்கிற மாதிரி.

திங்கட்கிழமை போனில் கேட்டான்:
"அப்ப, புதுசு வாங்குதியா?"
எலாஸ்டிக் மட்டும் மாற்றினால் போதும், அறுநூறு ரூபாய் என்றேன்.
எண்ணுவதில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை,
சொன்னேன்.

பழசு அன்றைக்கு வீடு வரைக்கும்
பூஜ்யத்திலேயே நின்றது.
அதற்காகவே வைத்திருக்கலாம்.